நான்கு இடங்களில் வாழ்ந்த புழு

ஒரே வேளையில் பல இடங்களில் இருக்க வல்லவர் ஆண்டவர் ஒருவரே என்று மனிதகுலம் நெடுங்காலமாக நம்பி வந்தது. இந்த மூடநம்பிக்கையைக் கடலுயிர் ஆய்வு நிலையம் ஒரு சவர பிளேடைக்கொண்டு ஒழித்துக்கட்டியது. அறிவியலுக்கு அந்நிலையம் ஆற்றிய தொண்டுகளில் இதுவே முதன்மையானது. இரண்டாவது என்று எதுவும் இல்லையாதலால் ஒப்பிட்டுப் பார்க்கும் சிரமமும் இல்லை.

பிளேடைப் பிடித்த கை உதவி ஆய்வாளருடையது. நிலையத்தில் அவரைப் 'புழுவார்' என்பார்கள். கேலியையும் மரியாதை விகுதியோடு செய்வது அங்குள்ள பண்பாடு. 'தற்காலிகம்' என்னும் பதவியில் அவர் நிரந்தரமாக இருந்தார். நிலையத்தின் பின்புறச் சேற்றுத் திட்டில் முழங்கால்வரை புதைந்து, சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசி, அதுவரை எவரும் கண்டிராத ஒரு சுணைப்புழுவைக் கண்டெடுத்தவர் அவர்தாம்.

அதன் உடற்கூற்றை அவர் வாயால் கேட்க வேண்டும். நீளம் சுண்டுவிரல் நகமளவு. கண் கிடையாது, சேற்றுக்குள் பார்க்க என்ன இருக்கிறது? உடல் முழுவதும் வளையங்கள்; ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் கண்ணாடி இழைபோன்ற சுணைக்கொத்து. சட்டைக் கையைப் புறம்திருப்புவதுபோல் தொண்டையை வெளியே தள்ளிச் சேற்றை விழுங்கும். ஆபத்தென்றால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் சாப்பாட்டு வேளையில் மனைவியிடம் விவரிப்பார். அந்த அம்மாள் அறுவைக்கூடத்துச் செவிலியர். ஆகவே பசி கெடவில்லை.

"பாவங்க அது. யாரையும் குத்தாதா?"

"குத்தாது. சுணை அவ்வளவு மிருது."

"அதுக்காவது சுணைன்னு ஒண்ணு இருக்கே. உங்க ஆபீஸ்ல யாருக்கு இருக்கு?"

உடற்கூறு எவரையும் உறுத்தவில்லை, பரவல்தான், அதாவது அது எங்கெங்கே வாழ்கிறது என்பதுதான் உறுத்தியது. படகுத்துறை, பாறைக்கரை, கழிவுநீர்க் குழாயின் வாய் என்று மற்ற மூன்று இடங்களிலும் புழுவார் சலித்துப் பார்த்தார், இல்லை. உலகிலேயே அது வாழ்வது அந்தச் சேற்றுத் திட்டில் மட்டுமே என்று மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார். அதே திட்டை மூடி, எட்டு மாடியில் 'பன்னாட்டுச் சுணைப்புழு மையம்' எழுப்ப இயக்குநர் முடிவெடுத்திருந்தார். ஒரு புழுவைக் கௌரவிக்க, அதன் தலைமேல் கட்டடம் கட்டுவதைவிடப் பொருத்தமான வழி உண்டா? ஆனால், ஓரிடத்தில் மட்டும் வாழும் உயிரினத்தின் இருப்பிடத்தை மூடலாகாது என்று வேலையற்ற எவரோ விதி எழுதிவிட்டுப் போயிருந்தார். நான்கு இடங்களில் இருந்தால் மூடலாம்.

'அவசர ஆலோசனை' கூடியது. இயக்குநர், துணை இயக்குநர், புழுவார். நடுவே சாராயத்தில் பதப்படுத்திய புழு.

"மத்த இடத்துல கிடைக்கலைன்னு எழுதியிருக்கீங்க. கிடைக்காதது புழுவோட குறையா, தேடினவரோட குறையா?" என்றார் இயக்குநர்.

"தேடினவரோட குறைங்க ஐயா," என்றார் துணை இயக்குநர்.

"ஐயா, இது முழுசாக் கிடைக்கறதே அபூர்வம். சல்லடையில துண்டு துண்டாப் போயிடும். துண்டானப்புறமும் ஒவ்வொண்ணும் கொஞ்ச நேரம் தனிப்புழு மாதிரி நெளியும்..."

துல்லியம் சில வேளைகளில் ஆளையே விழுங்கிவிடும். இயக்குநருக்கு ஞானோதயம் பிறந்தது.

"தனிப்புழு மாதிரி," என்றார் இயக்குநர் மெதுவாக.

"அப்ப தனிப்புழுதானேங்க ஐயா," என்றார் துணை இயக்குநர்.

"இல்லைங்க ஐயா! தலை இருக்கறதை மட்டும்தான் கணக்குல எடுக்கணும். அதுதான் முறை."

"ஏன் தம்பி, இந்த நிலையத்துல தலை இருக்கான்னு பார்த்தா சம்பளம் குடுக்கறோம்?" என்றார் இயக்குநர். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டார். "புது மையத்துக்கு ஒரு நிரந்தர ஆய்வாளர் வேணும். உங்களைத்தான் மனசுல வச்சிருக்கேன். சேத்துல நின்னவர் நாற்காலியில உக்கார வேண்டாமா?"

புழுவார் அன்று மாலையே வெட்டினார். ஒரு சுணைகூடச் சேதமாகாமல், வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையில், மும்முறை. கடமையில் அத்தகைய நேர்மை. நான்கு புட்டிகளில் நான்கு இடங்களின் பெயர்களை எழுதி ஒட்டினார், எழுத்து கோணவில்லை.

மறுவாரம் வெளியிலிருந்து வல்லுநர் ஒருவர் பார்வையிட வந்தார். முதல் புட்டியைப் பார்த்து வியந்தார். இரண்டாவதைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாறைக்கரைப் புழுவுக்குத் தலையைக் காணோமே?"

துணை இயக்குநர் முதன்முறையாக ஆமோதிக்க மறந்தார். இயக்குநர் புழுவாரைப் பார்த்தார். "வெட்டினேன்" என்ற ஒரு சொல் போதும், திட்டு பிழைத்துவிடும். அச்சொல் தொண்டைவரை வந்தது. நாற்காலி நினைவுக்கு வந்தது. சொல் சட்டென்று உள்ளே போய்விட்டது.

"ஐயா," என்றார் புழுவார், "அந்த இடத்துல வாழறதுக்குத் தலை தேவைப்பட்டிருக்காது. சூழ்நிலைக்கு ஏத்த தகவமைப்பு."

"தகவமைப்பு!" என்று வல்லுநர் எழுந்தே விட்டார். "தலை இல்லாமலே வாழ்க்கை! உங்களுக்கு இது எப்படிங்க தோணுச்சு?"

"இங்கேயே வேலை பார்க்கறதால ஐயா," என்றார் புழுவார் பணிவோடு.

தலையுள்ள வகை, தலையில்லா வகை, நடுவுடல் வகை, வால் வகை என நான்கு 'உள்வகைகள்' உலகுக்கு அறிவிக்கப்பட்டன. அடுத்த மாதம் லாரிகள் வந்தன. புழுவார் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தார். சேற்றில் ஊசித்துளைகள் ஆயிரக்கணக்கில் குமிழிவிட்டுக்கொண்டிருந்தன. முதல் லாரி இடிபாட்டைக் கொட்டியது. குமிழிகள் நின்றன. அறிவியலின் பாதையில் இத்தகைய சிறு இழப்புகள் இயல்பே என்று இயக்குநர் உரையாற்றினார். எல்லாரினும் உரக்கக் கைதட்டியவர் புழுவார்.

நிரந்தர ஆணையோடும் இனிப்புப் பொட்டலத்தோடும் வீட்டுக்கு வந்தார். மனைவி வேலை முடிந்து அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சேத்துத் திட்டு என்னாச்சுங்க?"

"மூடியாச்சு."

"அப்ப புழு?"

"அதுக்கென்ன, நாலு இடத்துல இருக்கே. அச்சுலயே வந்தாச்சு." பெருமையோடு இதழை நீட்டினார்.

அம்மாள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். புட்டிகளின் படங்களைப் பார்த்தார். துண்டுகளின் வெட்டுவாய்களை, தையலுக்கு முன் காயத்தைப் பார்ப்பவர்போல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றின் முனை மற்றதன் முனையோடு பொருந்துவதை அறிய அவருக்கு உருப்பெருக்கி தேவைப்படவில்லை.

"இதுல ஒரு தப்பு இருக்குங்க."

ஒற்றுப்பிழைக்கே உறக்கம் கெடுபவர் புழுவார். பதறிப்போனார். "எங்கே? எந்தப் பக்கம்?"

"பரவல்ங்கற பகுதியில." இனிப்புப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அவர் பக்கம் தள்ளிவைத்தார். "நாலு இடம்னு போட்டிருக்கீங்க. அஞ்சுன்னு திருத்துங்க. தலையில்லா வகை ஒண்ணு நம்ம வீட்டுலயும் இருக்கு."