ஆறு மாலை, ஏழு கழுத்து

எண்பது வயதானால் பழைய குற்றங்களிலிருந்து விடுதலை கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். கிடைக்கவில்லை. என் குற்றத்தைக் கேலியாக்கி வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை பரிமாறுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்த காலத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஸ்பெல்லிங் போட்டி நடத்தினேன். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இருபத்தைந்தாம் ஆண்டில், பழைய சாம்பியன்களை மேடையேற்றி மாலை போடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தால் என் மனைவி கோமதி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.)

பட்டியல் எடுத்தேன். டாக்டர், பேங்க் மேனேஜர், கல்லூரிப் பேராசிரியை, இரண்டு என்ஜினீயர்கள். மற்றவர்கள் மில்லிலும் ஷேர் ஆட்டோவிலும், ஒருவன் எல்லையில் துப்பாக்கியோடும் இருந்தார்கள். 'சொல்லிக்கொள்ளும்படி ஐந்து பேர்' என்று எழுதி வைத்தேன். எழுதிய கையைப் பார்த்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்து பேர் என்பது மேடைக்குச் சரிப்படவில்லை. நடுவில் தலைவர் உட்கார்ந்தால் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று கோணலாகிவிடும். ஒரு வருடம் செல்வி என்ற பெண் ஜெயித்தாள். சேத்தூர் கணேசன் இரண்டாவதாக வந்தான். செல்வி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கடை வைத்திருந்தாள். கணேசன் போலீஸ் இன்ஸ்பெக்டர். இருபது வருடத்துக்கு முந்தைய கதை யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். கணேசன் சாம்பியன் ஆகிவிட்டான்.

மாலைக்கு எங்கே சொல்வது? ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். யாரிடம்? செல்வியிடமேதான். தெரிந்த பெண், நெருக்கமாகக் கட்டுவாள். (நான் எப்படிப்பட்ட ஆள் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)

"நல்ல காரியத்துக்கு மாலை சொல்லப் போறீக, வெறுங்கையோடயா போவாக?" என்று கோமதி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துக் கொடுத்தாள். நாளும் மண்டபமும் செல்விக்கு மறக்காமல் இருக்கட்டும் என்று நான் அதன்மேல் விழா அழைப்பிதழையும் வைத்தேன். 'முன்னாள் சாம்பியன்களுக்குப் பாராட்டு' என்று மட்டும் அதில் இருந்தது. யார் யார் வருவார்கள் என்பது நிச்சயமாகாததால் பெயர்கள் போடவில்லை.

கடையில் செல்வி சம்பங்கி கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பளபளப்பு போன ஒரு கோப்பை. அதில் வாழைநார் செருகியிருந்தது. நான் கொடுத்த கோப்பைதான். தாம்பாளத்தைக் கண்டதும் எழுந்து, ஈரக்கையைத் துடைத்து, இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்களே வரணுமா சார்? போன்ல சொன்னா நான் வர மாட்டேனா?"

"உன்னைப் போன்ல கூப்பிடலாமா?" என்றேன், மரியாதைக்கு. "காலைல ஒன்பது மணிக்கு மாலையோட வந்துரணும். ஆறு மாலை."

"ஆறுதானா சார்?"

"ஆறே ஆறு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

விழா அன்று முகூர்த்த நாள். ஒன்பதுக்குச் செல்வி வந்தாள், பட்டுச் சேலையில். கூடவே வெள்ளை வேட்டியில் அவள் கணவன் மாரியப்பன். செல்வியின் ஒரு கையில் மாலைக்கூடை. இன்னொரு கையில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றிருந்த அந்தக் கோப்பை. நான் கூடையை வாங்கிக்கொண்டு சொன்னேன்: "ரொம்ப சந்தோஷம்மா. கிளம்பு, செத்த நேரம் போனா பஸ் கூட்டமாயிரும்."

மாரியப்பன் வாசலில் இருந்த பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஏட்டி, ஆறு போட்டோ இருக்கு. ஒன்னையக் காணோமே?"

"பேசாம வாங்க" என்றாள் செல்வி.

"ரெண்டு கல்யாண மாலைய வேண்டாம்னுட்டு வந்திருக்கோம். பாத்துட்டுத்தான் போறது" என்று அவன் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். கோப்பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாம்பாளம், வெற்றிலை, அழைப்பிதழ், நேரில் போனது. ஊர் வழக்கப்படி நான் அவளை முறையாக அழைத்துவிட்டு, வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

விழா தொடங்கிவிட்டது. டாக்டர் சர்க்கரை நோயைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். வெளிநாட்டில் இருந்த என்ஜினீயர் டி.வி.யில் நேரலையாக வந்தார். அவர் மாலையை டி.வி.க்குப் போட்டோம். அந்த நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்றுவிட்டது. சம்பங்கி மாலைக்குள் அசையாத முகம். முன்வரிசையில் ஒரு பெரியம்மா, "அடப்பாவமே, சின்ன வயசா இருக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது கணேசன். மாலையோடு மைக்கைப் பிடித்தான்.

"நம்ம சார் தப்பான ஆளப் புடிச்சுட்டு வந்து நிறுத்திட்டாக. அந்த வருசம் ஜெயிச்சது நானில்ல, செல்வி. தோத்துட்டு நான் மேடையிலயே அழுதேன். மூக்கத் தொடைக்கக் கர்சீப் குடுத்தது அவதான். செல்வி, வந்திருக்கியா?"

மாரியப்பன் எழுந்து கையைத் தூக்கினான். மண்டபம் முழுக்கத் திரும்பியது. நான் மேடையை விட்டு இறங்கி ஓடினேன். (எழுபத்திரண்டு வயதில் ஓட்டம் என்பது வேகமான தள்ளாட்டம்.)

"செல்வி, தப்பு என்மேலதான். தெரிஞ்சே செஞ்சேன்" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க ஆறு மாலைன்னப்போ, எனக்குள்ளத வேற எடத்துல சொல்லிருப்பீகன்னு நெனச்சேன் சார்" என்றாள் மெதுவாக. "எனக்குப் போடுற மாலைய என்னையவே கட்டச் சொல்லுவீகளா என்ன?"

கணேசன் இறங்கி வந்து, தன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "போட்டுக் கழட்டுனது, செல்வி. பரவாயில்லையா?"

"எந்த ஊர்க்காரிகிட்ட வந்து கேக்க?" என்று அவள் கழுத்தை நீட்டினாள்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கோமதி மட்டும் தட்டவில்லை; என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான் கடையில் ஆறு வடை சொன்னால், "ஏழாவது ஆளு வாசல்ல நிக்கா, பாத்தீகளா?" என்பாள். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் எங்களுக்கு எண்பதாம் கல்யாணம். செல்வி கடைக்குத் தாம்பாளத்தோடு நானே போய், "எங்களுக்கு ரெண்டு மாலை. நீயும் மாரியப்பனும் முன்வரிசையில உக்காரணும்" என்று தெளிவாகச் சொல்லி வந்தேன்.

வந்தாள். கூடையைத் திறந்தால் ஒரே மாலை. அதைக் கோமதிக்குப் போட்டாள்.

"எனக்கு?" என்றேன்.

"சாருக்குள்ளத வேற எடத்துல சொல்லிருப்பீகன்னு நெனச்சேன்" என்று சொல்லி முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். மாரியப்பன் இரண்டாவது மாலையோடு வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை அத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால் வெறுங்கழுத்தோடு நின்றேன். அன்று கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தது இதைவிட அதிக நேரம்.