யோவனாவின் மூக்கு

"மறுபடியும் பூண்டு!"

யோவனா கணவனை வாசலிலேயே நிறுத்தினாள். அவளுக்குப் பூண்டு என்றாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு பல் பூண்டு நுழைந்ததில்லை.

"சத்தியமா நான் தொடலைடி," என்றான் நிக்கானோர். ரிபெரால்தா தெருக்களில் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டிவிட்டு, முகமெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றான்.

"அப்போ எவ வீட்டுல சாப்பிட்ட?"

அவன் ஓடிப்போய்ப் பல் தேய்த்தான். எலுமிச்சை இலையை மென்று துப்பினான்.

"தப்பு பண்ணவன்தான் இப்படித் தேய்ப்பான்," என்றாள் யோவனா.

அடுத்து, அவன் சட்டையில் ஒரு நீள முடி கிடைத்தது.

"பின்னாடி ஏறுற பொம்பளைங்க முடியா இருக்கும்," என்று வாயைக் கொடுத்தான். வீடு இரண்டுபட்டது. இனிமேல் பெண்களையே ஏற்றுவதில்லை என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்தான். முடி நிற்கவில்லை. போதாக்குறைக்கு அவனுடைய தூளிப் படுக்கையில் உடைந்த நகத்துண்டு ஒன்று கிடந்தது.

"நகம் உடையிற அளவுக்கு என்னய்யா கொஞ்சல்?"

"அம்மா தாயே, நீயே வந்து பின்னாடி உட்காரு!"

உட்கார்ந்தாள். உடம்புக்கு நல்லது என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து விடாமல் தின்னும் காஸ்தாஞா என்ற பிரேசில் நட் கொட்டைகளை மடி நிறையக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் மென்றுகொண்டே காவல் இருந்தாள். சவாரிக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் சொன்னாள்: "இன்னும் பூண்டு அடிக்குதே!"

"நீதானடி கூடவே இருந்த!"

யோவனாவின் கோபம் சட்டென்று வடிந்தது. "ஏன்யா… உள்ளுக்குள்ள உனக்கு ஏதாவது வியாதியா?" அவன் கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "காஸ்தாஞாவுல செலினியம்னு ஒரு சத்து இருக்கு. தினம் ஒண்ணு ரெண்டு தின்னா தைராய்டுக்கு நல்லது. தினமும் கை நிறையத் தின்னா விஷம். மூச்சுல பூண்டு நாறும், முடி கொட்டும், நகம் உடையும். நீங்க எவ்வளவு தின்றீங்க?"

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது டாக்டர்."

"பொய்! திருட்டுத்தனமா தின்னுருப்பான்!" என்று யோவனா அவன் தோளுக்கு மேலே எட்டிக் கத்தினாள்.

டாக்டர் கண்ணைக் காட்ட, நர்ஸ் நிக்கானோரின் வாயருகே குனிந்து முகர்ந்தாள். முகம் சுளித்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"அக்கா, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்களேன். அண்ணன்கிட்ட வாசனை வருதா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது."