அனுமதி பெற்ற ஜாம்பி

அது மேயர் படம் இல்லண்ணே, ஜாம்பி. செத்து, புதைச்சு, அப்புறமும் எந்திரிச்சு நடக்குமே, அந்தப் பொணம். பார்சல் கொண்டுவர்ற எல்லாரும் உங்களை மாதிரிதான் கேக்கறாங்க.

பேய் வேஷம் போடற ஹாலோவீன் வாரம் வந்தா, இந்த நூலகத்துல பிள்ளைங்களுக்கு ஜாம்பிப் படம் குடுப்போம். கலர் அடிச்சு, கை காலைத் தனித்தனியா வெட்டி, பித்தளைப் பின்னுல கோத்து ஆட விடுவாங்க. குழந்தைங்க அறையைப் பாத்துக்கற மார்லிஸம்மாதான் நடத்தறது. இந்த வருஷம் நூலக வாரியம் ஒரு தீர்மானம் போட்டுது: கூட்டம் சேரலைன்னா, இனி சனிக்கிழமை அந்த அறைக்குப் பூட்டு. இங்க பாதி வீட்டுல சனிக்கிழமையும் டயர் பேக்டரி ஷிப்ட். அந்தப் பிள்ளைங்களுக்குப் போக வேற இடம் கிடையாது.

கூட்டம் சேக்கற பொறுப்பு மார்லிஸுக்கு. படத்தைப் பரிசீலிக்கிற பொறுப்பு வாரியத்துக்கு. வாரியம் கூடின அன்னைக்கு, இங்க ரிப்பேர் வேலை பாக்கற நான் அங்க ஹீட்டர் சரிபண்ணிக்கிட்டிருந்தேன்.

"ரத்தம் வேண்டாம். கம்பளத்துல கறை படும்"னாரு தலைவர் ஆர்வில் ஸ்டக்கி.

"படத்துல இருக்கற ரத்தம் சார்"னாங்க மார்லிஸ்.

"படம் எது மேல இருக்கும்? கம்பளத்து மேலதானே?"

சிவப்புக் கிரேயானையெல்லாம் டப்பாவுலேர்ந்து பொறுக்கியெடுத்தாச்சு. பொறுக்கினது நான்.

கிழிஞ்ச சட்டை தப்பான முன்னுதாரணம்னு கோட்டும் டையும் மாட்டினாங்க. நூலகத்துல யார்கிட்டயும் கையேந்தக் கூடாதுன்னு விதி இருக்கு, அதனால நீட்டின கையை மடியில வெச்சாங்க. சாப்பிடத் தடை, அதனால வாயை மூடினாங்க. பச்சை முகம்னா நோயாளி, நோயாளி வீட்டுல இருக்கணும். பின்னைப் பிள்ளைங்க முழுங்கிடும், அதனால வெட்டவே வேண்டாம்.

"நடக்கவாவது விடுங்களேன்"னாங்க மார்லிஸ்.

"எங்க போகுது?"

"எங்கயும் இல்ல சார். சும்மா நடக்கும்."

"காரணமில்லாம திரியறதுக்கு இங்க அனுமதி இல்லம்மா."

ஆக, மேற்படி ஜாம்பியானவர் டை கட்டி, வாயை மூடி, நாற்காலியில ஒண்ணும் செய்யாம அமர்ந்தார். வாரியம் ஏகமனதா ஒப்புதல் வழங்கி மகிழ்ந்தது. படத்துல பக்கத்துல இருக்கறவர் சாயல் அடிக்குதேன்னு ஒவ்வொருத்தருக்கும் தோணுச்சு. மரியாதைக்காக யாரும் வாயைத் திறக்கலை.

சனிக்கிழமை வந்தது அஞ்சாறு பிள்ளைங்கதான். அதுங்களும் படத்தைப் பாத்துட்டு வாசலைப் பாத்துச்சுங்க. மார்லிஸ் முகத்துல ஈயாடலை. தலை எண்ண வந்த ஸ்டக்கி மூலையில ஒரு நாற்காலியில உக்காந்தாரு.

டான்ஸின்னு ஒரு வாண்டு கேட்டுது: "இது யாரு?"

"ஜாம்பிடா கண்ணு."

"ஏன் ஒண்ணுமே பண்ணல?"

"அதுக்கு அனுமதி கிடைக்கலடா."

டான்ஸி படத்தைப் பாத்துது. மூலையைப் பாத்துது. மெதுவா ஸ்டக்கிகிட்ட போய், "தாத்தா, நீங்க எப்ப செத்தீங்க?"ன்னு கேட்டுது.

அவர் முறைப்படி யோசிச்சுட்டு, "அதை அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்"னாரு.

அவ்வளவுதான். நூலகத்துல ஒரு ஜாம்பி உயிரோட உக்காந்திருக்குன்னு ஊர் பூரா பரவிருச்சு. சாயங்காலத்துக்குள்ள நிக்க இடமில்லை. சுத்தி உக்காந்து அவரைப் பாத்துப் பாத்துக் கலர் அடிச்சாங்க. இவ்வளவு பேர் தன்னை மதிச்சதே இல்லைன்னு அவரும் அசையாம இருந்தாரு.

உடனே புதுத் தீர்மானம். சனிக்கிழமை அறை திறந்தே இருக்கும். பொதுநலன் கருதி உறுப்பினர்கள் முறை வெச்சு வந்து சும்மா உக்காரணும். பயிற்சி யாருக்கும் தேவைப்படலை.

என்ன, பிள்ளைங்களுக்குக் கண்ணு பழகிருச்சு. தபாலாபீஸ் ஜன்னல்ல ஒண்ணு, சர்ச் பின்வரிசையில மூணுன்னு கண்டுபிடிக்க ஆரம்பிச்சாங்க. ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் பாத்துக்கிட்டே சோபாவுல தூங்கின அப்பன்மாரெல்லாம் பிள்ளைங்க பூசிவிட்ட பச்சை முகத்தோட எந்திரிச்சாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

இருங்க, மார்லிஸம்மா கூப்பிடறாங்க.

"வெண்டெல், இன்னைக்கு முறைக்காரர் வரலை. ஒரு டை மாட்டிக்கிட்டு சீக்கிரம் வாங்க."

"நானாம்மா? எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு. வாரியத்துல வேற யாரும் இல்லையா?"

"பிள்ளைங்க உங்களைத்தான் கேக்குது. பாய்லர் ரூம்ல நீங்க உக்காந்திருக்கறதைப் பாத்திருக்காம்."

சரிண்ணே, நான் போறேன். நீங்களும் ரொம்ப நேரமா அசையாம நிக்கிறீங்க. டான்ஸி கண்ணுல படறதுக்குள்ள கெளம்பிடுங்க.