மீசை மறைந்த விவகாரம்

திருத்தணி
14-5-2004

மரியாதைக்குரிய குமரேசன் பாவா அவர்களுக்கு, மைத்துனன் ஆதிகேசவன் கைகூப்பி எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் இங்கே எல்லோரும் சௌக்கியம். அரக்கோணத்தில் தாங்களும் சுலோச்சனா அக்காவும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே உங்கள் தொண்டை நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டீர்கள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். என் மகன் இளங்கோவன் கல்யாண விவரத்தை மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்களும் பார்க்கட்டும் என்று, கம்ப்யூட்டர் படித்த மகள் பிரேமா இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்தாள். பெரியவர்கள் படமெல்லாம் அதில் வரும் என்றதும் எனக்குப் பழைய பத்திரிகை விவகாரம் ஞாபகம் வந்தது. சிங்காரம் அண்ணன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரை இரண்டாவது வரியில் போட்டதற்கே நீங்கள் இருவரும் இத்தனை வருஷம் பேசவில்லை, அக்காவும் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதனால் நானே பிரௌசிங் சென்டரில் பிரேமா பக்கத்தில் உட்கார்ந்து, திரைமேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். அண்ணன் இடது ஓரம், நீங்கள் வலது ஓரம், ஒரே உயரம், ஒரே அகலம், நடுவில் முருகன். யாரும் யாருக்கும் மேலே இல்லை, கீழேயும் இல்லை. "கண்ணாடில கோடு விழுது சார், ஸ்கேலை எடுங்க" என்று கடைக்கார நாகேந்திரன் கத்தியதைக்கூட நான் காதில் வாங்கவில்லை.

நீங்கள் அரக்கோணத்தில் வேறொரு சென்டரில் போய்ப் பார்த்தீர்கள். உடனே போன். "ஏன்டா கேசவா, உங்கண்ணன் என் மீசை மேல தோளை வெச்சிகினு குந்தியிருக்கான்! முருகனை வேற எதுக்குடா கீழ, சமையல்காரன் படத்துக்குப் பக்கத்துல நிறுத்தியிருக்க?" பிரேமாவைக் கேட்டால், "நைனா, பெரியப்பாவை இடது ஓரத்துலருந்து அளந்து வெச்சேன், மாமாவை வலது ஓரத்துலருந்து. அங்க திரை சின்னது போல. ரெண்டு ஓரமும் கிட்ட வந்தா, அவங்களும் கிட்ட வந்துடுவாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிடுவாங்க, நடுவுல எடமில்லாம முருகன் கீழ எறங்கிடுவாரு" என்கிறாள். "அப்ப மாமாவை மேல ஏத்தேன்" என்றேன். "பெரியப்பா மொகம் மறைஞ்சிடுமே, பரவால்லியா?" என்றாள். அதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள் பாவா.

எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நீங்கள் மாப்பிள்ளையான புதிதில் நம் வீடு ஒற்றை அறை. பண்டிகைக்கு வந்தால் நீங்களும் அண்ணனும் ஒரே பாயில்தான் படுப்பீர்கள், அவர் கால் உங்கள் மேல்தான் கிடக்கும், நீங்கள் கோபித்துக்கொண்டதே இல்லை. அப்புறம் ஆளுக்கொரு வீடு கட்டினோம், அவரவர் ஓரத்திலிருந்து அளக்க ஆரம்பித்துவிட்டோம். அது கிடக்கட்டும். நேற்று நீங்கள் ரிசீவரை வைப்பதற்குள் அக்கா வாங்கி, "செவலை கன்னு போட்டுச்சாடா?" என்று மட்டும் கேட்டாள். "ஆங், போட்டுச்சுக்கா" என்பதற்குள் லைன் போய்விட்டது. கிடேரிக் கன்று, பாவா. சொல்லிவிடுங்கள்.

எந்தத் திரையில் பார்த்தாலும் உங்கள் இருவருக்கும் நடுவில் இடைவெளி குறையாதபடி கட்டம் போட்டு அடைத்துவிடுவதாக பிரேமா சொல்லியிருக்கிறாள். அதுவரை அந்தப் பக்கம் அண்ணன் கண்ணில் படாது, அதற்கு நான் பொறுப்பு. அக்கா ஆரத்தி எடுக்காமல் மணமக்கள் எப்படி வீட்டுக்குள் வருவார்கள்? மனசு வையுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். முருகன் உங்களைக் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
ஆதிகேசவன்

பி.கு.: மேலே எழுதியது எதுவும் இனிச் செல்லாது. கடிதத்தை ஒட்டப்போகும்போது, கட்டம் போடப் போயிருந்த பிரேமா ஓடிவந்தாள். அண்ணனே பிரௌசிங் சென்டருக்கு வந்து, மூலையில் கிடந்த சின்னத் திரையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாராம். உங்கள் படத்துக்கிட்டே குனிந்து பார்த்தாராம். அப்புறம், "பாதி மூஞ்சிதான் தெரியுது, அதுலயே எவ்ளோ எளைச்சிட்டான் பாரு. என்னாச்சும்மா மாப்ளைக்கு?" என்று கேட்டிருக்கிறார். "சக்கரைன்னு சொன்னாங்க பெரியப்பா. படத்தை நகர்த்திடட்டுமா?" என்றாளாம். "அதைத் தொடாத" என்றாராம். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார், அரக்கோணம் பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். தபாலை நம்புவானேன் என்று இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அவரை வெயிலில் நிறுத்திவைக்காதீர்கள், பாவா.