நெஸ்டர் வீட்டு நிலவறைச் சத்தம்

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட மாபெரும் சாதனை, பெயர் சொல்லாமல் துப்புக் கொடுத்துப் பரிசு வாங்கும் திட்டம்தான். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் எங்கள் பிராம்லி கிராசிங்குக்கு அது சற்றுத் தாமதமாகவே வந்தது. வந்தவுடன் ஊர் நாகரிகமடைந்துவிட்டது.

அதற்கு முன் நாங்கள் காட்டுமிராண்டிகள். காலையில் ஒருவர் வீட்டு நாய் வாந்தி எடுத்தால், மதியத்துக்குள் பெட்ரோல் பங்க் காபி மேசையில் அதற்கான காரணம் முடிவாகிவிடும். விலையுயர்ந்த தகவல்களை இலவசமாக வாரி இறைத்தோம். இந்த ஊதாரித்தனத்தில் முன்னணியில் நின்றவள் வெர்னா பிலிப்சுக். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு கிடைத்தது தபால் நிலையத்துக்கு.

திட்டக் குழு ஊர் மன்றத்தில் சாசேஜும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் பரிமாறி, ‘பொதுமக்களின் கடமை’யை விளக்கியது. பரிசு இரண்டாயிரம் டாலர் வரை. சந்தேகத்துக்குரிய இடத்தை நெருங்கக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது, பிறரிடம் பேசக்கூடாது. போன் மட்டும் செய்ய வேண்டும். மறுநாளிலிருந்து காபி மேசையில் வானிலையைத் தவிர வேறு பேச்சில்லை.

ஜனவரியில் வெர்னாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் கிழவர் நெஸ்டர் ஹலுஷ்காவின் நிலவறையில் இரவும் பகலும் விளக்கு எரிந்தது. வாசல் பனி வாரப்படவில்லை. உள்ளேயிருந்து இரும்புக் குழாயில் டங் டங் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி கேட்கும்.

பழைய வெர்னாவாக இருந்தால், ஒரு தட்டுக் கொழுக்கட்டையைச் சாக்காக ஏந்திக்கொண்டு ஐந்தாவது நிமிடம் அங்கே நின்றிருப்பாள். புதிய வெர்னா சிந்தித்தாள். மூடிய கதவு, அணையாத விளக்கு, குழாய். கள்ளச் சாராயம்!

நகரத்திலிருந்த துப்பு மையத்தில் ஒரு பெண் போனை எடுத்தாள். வெர்னா ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு, “என் பேரு வந்து...” என்றாள்.

“பேரு வேணாம்மா. நம்பர் மட்டும் தருவோம்.”

“அப்போ நான்தான் சொன்னேன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியக்கூடாதுன்னுதாம்மா திட்டமே.”

இந்த ஒரு குறையைத்தான் வெர்னாவால் ஜீரணிக்க முடியவில்லை.

காபி மேசையில் ஒருவர், “நெஸ்டரைக் காணோமே...” என்று ஆரம்பித்தார். தன் முதலீட்டைத் தானே கரைப்பது உறைத்ததும், “குளிர் ஜாஸ்திதான்” என்று முடித்தார். எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். சத்தம் வரவர மெலிந்தது. சாராயம் பக்குவத்துக்கு வந்துவிட்டது என்று வெர்னா கணித்தாள்.

மூன்றாம் நாள், ஒன்பதாவது துப்பும் வந்த பிறகு, போலீஸ் கதவை உடைத்தது. நிலவறையில் சாராயம் இல்லை. படிக்கட்டில் உருண்டு இடுப்பு முறிந்த நெஸ்டர், கையில் ஸ்பேனரோடு கிடந்தார். சுற்றிலும் அவர் தின்று காலியாக்கிய ஊறுகாய் ஜாடிகள்.

திட்டக் குழு கூடி ஆழ்ந்து விவாதித்தது. குற்றம் அகப்படவில்லை, ஆள் அகப்பட்டிருக்கிறார். எனவே ஒவ்வொரு துப்புக்கும் ஐம்பது டாலர் ‘ஊக்கத்தொகை’. காரை விட்டு இறங்காமலே பணம் வாங்கும் வங்கி ஜன்னலில் நம்பரைச் சொல்ல ஒன்பது கார்கள் வரிசையில் நின்றன. ஒன்பதும் ஒரே தெருக் கார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டிய யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பணத்தில் வெர்னா பூங்கொத்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“எப்படி இருக்கீங்க அண்ணே?”

நெஸ்டர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ரோட்டுப் பக்கம் ஒரு குழாய் போகுது வெர்னா. நான் அதைத் தட்டலை. ஊர்ந்து ஊர்ந்து உன் வீட்டுப் பக்கம் இருக்கிற குழாய்க்கு வந்தேன். ஊர்ல யார் வராட்டியும் நீ மூக்கை நுழைச்சுக்கிட்டு வந்துடுவேன்னு அவ்வளவு நம்பிக்கை. உன் காதுல விழவே இல்லையா?”

வெர்னா பூக்களை ஜாடியில் செருகினாள், நேராக்கினாள், மறுபடி நேராக்கினாள்.

“விழலையே அண்ணே.”

துப்புக் கொடுத்தவர் பெயர் கடைசிவரை வெளியே வராது என்று குழு வாக்களித்திருந்தது. அது எவ்வளவு பெரிய கருணை என்பது வெர்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது.