ஒரு குப்பி வளர்த்தித் தைலம்

ஒரு காட்டில் பவளம் என்றொரு முயலம்மா, ஆயாத கீரையும் கையுமாக வரிசையில் நின்றிருந்தாள். வரிசையிலும் கை சும்மா இருக்கவில்லை, பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டபடியே நகர்ந்தாள். குள்ளநரி வைத்தியர் வளர்த்தித் தைலம் விற்றுக்கொண்டிருந்தார்.

"பாருங்க, தேய்க்கும் முன்ன மான்குட்டி எம்புட்டு!" என்று போனில் படம் காட்டினார். "தேய்ச்ச பின்ன எம்புட்டு!"

வளர்ந்துதான் இருந்தது.

பவளத்துக்கு வாய் திறக்கவே கூச்சம். மழைக்கென்று வைத்திருந்த வள்ளிக்கிழங்கில் பாதியைக் கொடுக்கும்போது மட்டும் கேட்டுவிட்டாள். "தேய்க்காத குட்டியும் வளருமாண்ணே?"

"தேய்க்காத குட்டி இந்தக் காட்டுல எங்கம்மா இருக்கு? காட்டு!"

வரிசையே சிரித்தது.

அவளுக்கு இரட்டைக் குட்டிகள், மொச்சையும் துவரையும். மொச்சைக்குத் தேய்த்தாள், துவரையை விட்டுவிட்டாள். மற்றபடி தின்ற தீனியும் ஒன்று, வாங்கிய திட்டும் ஒன்று. மழை கூடுகிற நேரத்தில் முதுகோடு முதுகு நிறுத்திப் பார்த்தாள். ஒரே உயரம்!

ஓடினாள். "அண்ணே, தேய்க்காததும் வளந்துருச்சு. என் கிழங்கைக் குடுத்துருங்க."

நரி அசரவில்லை. "குட்டிங்க எப்படிப் படுக்குது?"

"ஒட்டி உரசித்தான்."

"அப்படிச் சொல்லு! இவன் தைலம் அவன் மேல ஒட்டிருச்சு. வளந்தது ரெண்டு குட்டி. மீதிக் கிழங்கையும் எடுத்து வை."

"வைத்தியர்னா வைத்தியர்தான்!" என்று உருகினாள் வரிசையில் நின்ற காட்டுப்பன்றி அக்கா.

மீதியும் போனால் குட்டிகள் மழையில் பட்டினி. அந்தப் பயத்தில் பவளத்துக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "உரசினாலே போதும்னா, ஒரு குப்பி காட்டுக்கே போதுமேண்ணே?"

வரிசை கொஞ்சம் யோசித்தது. பிறகு கலைந்தது. உரசினால் ஒட்டும் என்று சொன்னது நரியேதான்.

அன்று சாயங்காலமே ஆளாளுக்குக் குட்டியை இழுத்துவந்து மொச்சைமேல் உரசிப் போனார்கள். சும்மா உரசக் கூடாதென்று ஒரு கிழங்கும் வைத்தார்கள்.

"உன் பிள்ளை ராசிக்காரன்டி," என்றாள் பன்றி அக்கா.

பவளத்துக்கு மனசு உறுத்தியது. "அக்கா, உண்மையச் சொல்லிடறேன். தைலத்துக்கும் வளர்த்திக்கும் ஒரு..."

"அம்மா! யானைக்குட்டி உரச வந்திருக்கு, சீக்கிரம் வா!" என்று அலறினான் மொச்சை.

பாதிப் பேச்சில் ஓடினாள்.

நீதி: பொய்யை மெய்யால் அடிக்க முடியாது. அதைவிட மலிவான பொய்யால் அடிக்கலாம், கிழங்கும் மிஞ்சும்.