காலைக் கழுவிவிட்டுப் பேசவும்

ஏழுமடை நாடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஒரு பெரிய ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. ஏரிக்கு ஏழு மடைகள். நாட்டின் நடுவே ஒரு குன்று, குன்றின் உச்சியில் ஒரு பாறை. அந்தப் பாறையில் ஏறி நின்று சாதாரணக் குரலில் பேசினால் போதும், நாடு முழுக்கக் கேட்கும். அடுப்படியில் குழம்பு தாளிப்பவளுக்கும் கேட்கும், அந்தப்புரத்தில் காது குடைந்துகொண்டிருக்கும் மன்னருக்கும் கேட்கும். பாறையை எந்த ராஜாவும் செய்து வைக்கவில்லை. அதனால் அது எல்லோருக்கும் பொது என்றார்கள். பொதுச் சொத்துக்கு என்ன கதி வரும் என்பது வாசகருக்குத் தெரியாததல்ல.

அந்த நாட்டின் முதல் சட்டம் இது: எவர் வாயையும் எவரும் பொத்தக் கூடாது. கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். குடிமக்களுக்கு அதில் ஏகப் பெருமை. வெளிநாட்டுக்காரர் யாராவது விருந்துக்கு வந்தால், இலை போடுவதற்கு முன்பே இந்தச் சட்டத்தை ஒப்பித்துக் காட்டிவிடுவார்கள்.

சட்டத்தோடு ஒரு வழக்கமும் இருந்தது. முன்னொரு காலத்தில் ஒரு கூத்துக்காரன் விளையாட்டாகப் பாறையில் ஏறி, “ஆகாயத்திலிருந்து பகைவர் இறங்கிவிட்டார்கள்!” என்று கூவினான். ஜனங்கள் ஆட்டுக்கல்லைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு மலையேறி ஓடினார்கள். பசி பொறுக்காமல் திரும்பி வந்து பார்த்தால் பகைவரும் இல்லை, அவன் காலில் ஒரு பொட்டுத் தூசியும் இல்லை. எங்கேயும் போய்ப் பார்த்தவனில்லை அவன். அன்றிலிருந்து பாறையில் ஏறும் கூவுநர், வாயைத் திறப்பதற்கு முன் காலைக் காட்ட வேண்டும் என்றானது. வயல் செய்தி என்றால் வயல் சேறு, சந்தைச் செய்தி என்றால் சந்தைப் புழுதி. குன்றடியில் நிற்பவர்கள் பார்த்துவிட்டு, “சேறு உண்டு!” என்று குரல் கொடுப்பார்கள். அதற்குப் பிறகே நாடு காது கொடுக்கும்.

செங்கமலம் என்ற பெண்மணி வெகுகாலம் அங்கே கூவுநராக இருந்தாள். பித்தவெடிப்பு விழுந்த கால், சிடுசிடுத்த முகம், தன் குரல் மேல் கொஞ்சம் அதிகப்படியான மோகம். ஆனால் நடப்பாள். ஒரு மன்னர் எல்லையில் போர் நடத்தி, தினமும் வெற்றி வெற்றி என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். செங்கமலம் எல்லைவரை நடந்து போய்ச் செம்மண் அப்பிய காலோடு வந்து, “அங்க நாம ஜெயிக்கல. ஜெயிக்கிற மாதிரியும் தெரியல” என்றாள். போர் நின்றது. அடுத்த மன்னர் காலத்தில் அவள் காலில் கறுப்பாக ஒரு சேறு இருந்தது. இது எந்த ஊர்ச் சேறு என்று கீழே இருந்தவர்கள் திகைத்தார்கள். “அரண்மனைப் புழக்கடைச் சேறு” என்றாள் செங்கமலம். புழக்கடையில் என்ன புதைத்திருந்தது என்பதையும் சொன்னாள். அந்த மன்னர் மறுநாளே வனவாசம் புறப்பட்டுவிட்டார்.

ஆகையால் அவருக்குப் பின் முடிசூடிய வாகைமாறன், கிரீடம் தலையில் நிலைகொள்ளும் முன்பே தலைமை அமைச்சர் நெடுஞ்செவியாரைக் கூப்பிட்டார்.

“அமைச்சரே, அந்த அம்மையாரின் வாயை என்ன செய்யலாம்?”

“ஒன்றும் செய்யலாகாது மன்னா. முதல் சட்டம் புனிதமானது” என்றார் நெடுஞ்செவியார். “ஆனால் அது வாயைப் பற்றியது. காலைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை என்பதைத் தங்கள் திருச்செவியில் போட்டு வைக்கிறேன்.”

இந்தச் சமயத்தில்தான் சோப்பு வியாபாரி நுரைநாதர் அரண்மனைக்கு வந்தார். கூவுநரின் சம்பளத்தை இனித் தாமே தருவதாகச் சொன்னார். கைம்மாறாக அவர் கேட்டது மிகச் சிறியது: கூவுநர் பேசுவதற்கு முன் பாறையிலேயே தம் சோப்பால் காலைக் கழுவிக்கொள்ள வேண்டும். பாதச் சுகாதார ஆணை பிறந்தது. “அழுக்குக் காலோடு குடிமக்கள் முன் நிற்பது அவர்களை அவமதிப்பதாகும். காலைக் கழுவிவிட்டுப் பேசவும்” என்று பலகை எழுதிப் பாறையின் அடியில் நட்டார்கள்.

“கழுவிட்டா நான் போனதுக்கு என்ன சாட்சி?” என்றாள் செங்கமலம்.

“உங்கள் சொல்லே சாட்சி அம்மணி. உங்களை நாங்கள் அவ்வளவு நம்புகிறோம்” என்றார் அமைச்சர்.

அவள் மறுத்தாள். மறுக்க அவளுக்கு முழு உரிமை உண்டு என்று மன்னர் பாராட்டி, வீட்டுக்கு அனுப்பினார். அவள் மூன்றாம் மடைத் தெருவில், ஏரிக்கரையை ஒட்டி இருந்த தங்கை பவளத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

புதிய கூவுநராக மேகவண்ணன் வந்தான். பார்க்க லட்சணமானவன். பல்லக்கில் வந்து பல்லக்கில் போவான். அவன் பாதம் மண்ணைத் தொட்டதே இல்லை. ஆனாலும் தினமும் வாசனை நுரை பொங்கப் பொங்கக் கழுவிக்கொள்வான். ஜனங்களுக்கு அந்த நுரை பிடித்துப்போயிற்று. குன்றடியில் நிற்பவர்கள் “சேறு உண்டு” என்பதை மறந்து, “நுரை உண்டு!” என்று குரல் கொடுக்கப் பழகினார்கள்.

பாறையில் ஒருவர் மீது பழி சொன்னால், மறுநாள் அவரும் அதே பாறையில் ஏறிப் பதில் சொல்லலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. அது பாறைக்குத் தேவையற்ற பாரம் என்று எடுத்துவிட்டார்கள். பிறகு நுரைநாதர், ஒரே பாறை இருப்பது குடிமக்களின் தேர்வுரிமைக்கு இழுக்கு என்று வருந்தினார். உடனே பாறையை உளி வைத்துப் பிளந்து, தெருவுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அடிப்பாறை மட்டும் மேகவண்ணனுக்கு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கூவுநர், ஒவ்வொரு கூவுநரும் நுரைநாதரின் ஆள். காலை முதல் மாலை வரை ஓயாமல் கூவ வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு விற்காது. அவ்வளவு செய்திக்கு எங்கே போவது? கீழத் தெருக்காரர்கள் திருடர்கள் என்று மேலத் தெருவில் கூவினார்கள். மேலத் தெருக்காரர்கள்தான் திருடர்கள் என்று கீழத் தெருவில் கூவினார்கள். எருமை காணாமல் போனால் அந்தச் சேதி மூன்று வாரம் ஓடும். ஜனங்கள் தடியோடு தூங்கினார்கள்.

இப்படியாகக் கரையைப் பற்றிப் பேச யாரும் இல்லாமல் போயிற்று. கரை என்ன, திருடுமா, பாடுமா? கோடைதோறும் ஊர் கூடி மண் வெட்டிக் கரையை உயர்த்தும் வழக்கம், நினைவூட்ட ஆளில்லாமல் நின்றுபோனது. நெடுஞ்செவியார் சும்மா இருக்கவில்லை. பாதச் சுகாதார ஆணையைக் குடிமக்கள் அனைவருக்கும் விரித்தார்: காலைக் கழுவாமல் எவரும் எவரிடமும் எந்தச் செய்தியும் சொல்லக் கூடாது. கிழக்கே ஒருவன் வீட்டுக் கூரை பற்றி எரிந்தது. “தீ” என்று கத்துவதற்கு முன்னால் அவன் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கூரை போயிற்று. அவனுடைய சட்டப் பற்றை மெச்சி மன்னர் இரண்டு கட்டி சோப்பு அனுப்பி வைத்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. செங்கமலம் பழக்க தோஷத்தில் தங்கை வீட்டுக் கொல்லை வழியாகக் கரையோரம் நடக்கப் போனாள். கரையில் நீர் கசிவது புதிதல்ல. தெளிந்து கசிந்தால் பயமில்லை. அன்று மூன்றாம் மடைக்கு அருகே கலங்கிக் கசிந்தது. கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தது. கணுக்கால் வரை புதைந்து நின்று அதைக் கவனித்தவள் தெருப்பக்கம் திரும்பினாள். தங்கை, தங்கை பிள்ளைகள், தெரு முழுக்க ஜனம், எல்லாம் அந்தக் கசிவுக்கு நேர் கீழே.

பவளம் மோர்ச் செம்பை நீட்டினாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குன்றுக்கு ஓடினாள் செங்கமலம். அடிப்பாறையில் மேகவண்ணன் பாதங்களில் நுரை பூத்தபடி வீற்றிருந்தான். பக்கத்தில் நெடுஞ்செவியார் குடை பிடித்து நின்றார்.

“தம்பி, நகரு! மூணாம் மடைகிட்ட கரை போகப் போவுது. என் காலைப் பாரு!”

மேகவண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டான். “ஐயோ, நாறுதும்மா!”

“அம்மணி, பேசுவதற்குத் தங்களுக்கு முழு உரிமை உண்டு” என்றார் அமைச்சர். “அந்தப் பலகையைப் படித்திருப்பீர்கள். இதோ தண்ணீர், இதோ சோப்பு.”

கெஞ்சினாள், திட்டினாள். அமைச்சர் சிரித்த முகத்தோடு செம்பை நீட்டியபடியே நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் கழுவினாள் செங்கமலம். பிறகு பாறையில் ஏறி, “மூணாம் மடையில கரை ஒடையப் போவுது! எல்லாரும் மேட்டுக்கு வாங்க!” என்று தொண்டை கிழியக் கூவினாள்.

மேகவண்ணன் எழுந்து அவள் பக்கம் கையை நீட்டினான். இனிமையான குரலில், “மக்களே, நம் முன்னோர் வழக்கப்படி அம்மாவின் காலைப் பார்த்தேன். துளிச் சேறு இல்லை. இவர் கரைக்குப் போகவே இல்லை!” என்றான். நாடு கைகொட்டிச் சிரித்தது. மறந்தே போன வழக்கம் எவ்வளவு நல்ல வழக்கம் என்று வயதானவர்கள் கண் கலங்கினார்கள்.

செங்கமலம் அழுதபடியே தெருவுக்குத் திரும்பி ஓடினாள். வாசலில் பவளம் நின்றாள்.

“ஏன்க்கா, நீ அங்க போகவே இல்லையாமே?”

“அடிப்பாவி, உன் கொல்லை வழியாத்தானடி போனேன்! நீதான மோரு குடுத்த!”

“குடுத்தேன்தான். ஆனா அவரு அவ்வளவு தெளிவா சொல்றாரே...”

இனிப் பேசி ஆகப்போவதில்லை. செங்கமலம் கொட்டிலுக்குள் போய்ப் பவளத்தின் எருமையை அவிழ்த்து, அதன் முதுகில் நாலு போட்டுக் குன்றை நோக்கி விரட்டினாள். பவளம் அலறினாள்: “ஐயோ, எருமையைத் திருடிட்டுப் போறாளே!”

எருமைத் திருட்டு! எத்தனை வருஷமாகக் காது வலிக்கக் கேட்ட சேதி, இதோ கண்ணெதிரே. தெரு மொத்தமும் தடியோடு கிளம்பியது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டார்கள், கிழவர்கள் ஊன்றுகோலையே ஓங்கிக்கொண்டு வந்தார்கள். திருடரை உதைக்கும் புண்ணியத்தை யார் விடுவார்? எருமை முன்னே, செங்கமலம் அடுத்து, தெரு பின்னே என்று எல்லோரும் குன்றின் பாதி உயரம் ஏறியபோது முதுகுக்குப் பின்னால் இடி மாதிரி ஒரு சத்தம். திரும்பினார்கள். கரையும் இல்லை, தெருவும் இல்லை.

வெள்ளம் மூன்றாம் மடைத் தெருவைத் துடைத்துவிட்டு, நெற்குதிர்களையும் மாடுகளையும் வாரிக்கொண்டு, நுரைநாதரின் கிடங்குக்குள் புகுந்தது. அங்கிருந்த சோப்பு முழுவதும் கரைந்து நாடே நுரைத்தது. வீடு திரும்பும் வழியில் பல்லக்கை உயரத் தூக்கச் சொல்லி, மேகவண்ணன், “நுரைப் பெருவிழா தொடங்கிவிட்டது!” என்று அறிவித்தான். கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் பழக்கத்தில் “நுரை உண்டு!” என்றார்கள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர் வடிந்தபோது நாட்டில் எல்லோர் காலிலும் முழங்கால் வரை சேறு. மன்னர் காலிலும், அமைச்சர் காலிலும்கூட. சுத்தமான கால் மேகவண்ணனுடையது மட்டும்தான். செங்கமலம் அடிப்பாறையில் ஏறினாள். தடுப்பதற்கு யாரிடமும் சோப்பு இல்லை.

“கீழ குனிஞ்சு பாருங்க” என்றாள்.

குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து, இது என்ன என்று கேட்பது போல மேகவண்ணனைப் பார்த்தார்கள்.

“அரசர் அருளிய சந்தனம்!” என்றான் அவன்.

கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. சிலர் முகர்ந்து பார்த்து மணக்கிறது என்றார்கள். பவளம் மட்டும் எருமைக் கயிற்றைப் பிடித்தபடி வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சேறு உண்டு” என்றாள். குரல் எழும்பவில்லை; பக்கத்தில் நின்ற அக்காவுக்கு மட்டும் கேட்டது. செங்கமலம் அவள் தலையில் கையை வைத்தாள்.

மறுநாள் எல்லாத் தெருப் பாறைகளிலும் ஒரே செய்தி ஓடியது: பட்டப்பகலில் எருமைத் திருட்டு, முன்னாள் கூவுநர் கைது. வாயைப் பொத்தக் கூடாது என்ற முதல் சட்டம் கடைசிவரை மீறப்படவில்லை. செங்கமலத்தைப் பூட்டிய சிறையில், விருப்பம்போல் பேசிக்கொள்ள எல்லா வசதியும் இருந்தது. அந்தச் சட்டத்தை இன்றும் விருந்தினரிடம் ஒப்பித்துக் காட்டுகிறார்கள். கரையை மட்டும் யாரும் இன்னும் கட்டவில்லை.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், சில இடங்களில் தலையையும் ஆட்டினீர்கள். என் காலைக் காட்டச் சொல்லி உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.